வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் மதப்பள்ளிகள்: சந்தேகம் சரி, தேட வேண்டிய இடம் எது?

கேள்வி இதுதான்: "வெளிநாட்டு அரசுகள், குறிப்பாக சவூதி அரேபியா, பணம் கொடுத்து நடத்தும் பள்ளிகளில் வெறுப்பைத்தான் சொல்லித் தருகிறார்கள் என்கிறார்களே. உண்மையா, வெறும் பீதியா?"

இரண்டும் உண்டு. சில பள்ளிகளில் பாடநூலை வரிவரியாகப் படித்துக் குற்றச்சாட்டை நிரூபித்திருக்கிறார்கள். வேறு சில இடங்களில் சந்தேகத்துக்கு ஆதாரமாகக் காட்டிய கணக்கே தப்பாக இருந்திருக்கிறது. எடுத்த எடுப்பில் எல்லோரும் கேட்பது "காசு யாருடையது?" என்பதை. இருப்பதிலேயே குறைவான பதில் கிடைப்பது அந்தக் கேள்விக்குத்தான். புத்தகத்தை அச்சடிப்பது யார், ஆசிரியரை நியமிப்பது யார், படித்து முடித்ததும் கொடுக்கிற சான்றிதழ் எந்த நாட்டில் செல்லும் என்று கேட்டால் வகுப்பறைக்குள் நடப்பது ஓரளவு தெரியவரும்.

நன்றாக ஆவணமான ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) இருந்த இஸ்லாமிக் சவூதி அகாடமி. 1984-இல் தொடங்கியது. ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகள். நிர்வாகக் குழுவின் தலைவர் வாஷிங்டனில் இருக்கும் சவூதித் தூதர். அமெரிக்க வருமான வரித்துறையில் இந்தப் பள்ளிக்கு என்று தனி எண்கூட இல்லை. தூதரகத்தின் எண்ணையே பயன்படுத்தியது. அதாவது சவூதி பணம் வாங்கிய ஓர் அமெரிக்கப் பள்ளி என்று இதைச் சொல்ல முடியாது. தூதரகத்தின் ஒரு பிரிவு என்பதே சரி.

இப்படி ஒரு பள்ளி ஏன் தேவைப்படுகிறது? தூதரக ஊழியர்களும், படிக்க வந்தவர்களும் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்புவார்கள். பிள்ளைகள் ரியாத்தில் அடுத்த வகுப்பில் போய்ச் சேர வேண்டும். அதனால் மதப்பாடமும் அரபியும் சவூதி கல்வி அமைச்சின் புத்தகத்தில்தான் நடக்கும். காரணம் நியாயமானது, சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். அந்தப் புத்தகம் சவூதிக்குள், சவூதிப் பிள்ளைகளுக்காக, அந்நாட்டு உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) கண்காணிப்பில் எழுதப்பட்டது. அதை அப்படியே கப்பலேற்றி, பக்கத்து வீட்டில் யூதரும் எதிர்வீட்டில் ஷியா பிரிவு முஸ்லிமும் இருக்கிற ஊரில் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று அனுப்பியவர்கள் யோசிக்கவில்லை.

2002-லேயே பத்திரிகைகள் இந்தப் பள்ளியின் பாடநூல்களைப் பற்றி எழுதின. 2005-இல் விவகாரம் பெரிதானது. 1999-இல் இங்கே முதல் மாணவராகத் தேறிய அஹமது ஒமர் அபூ அலி, அல்-காயிதாவுக்கு உதவியது, அதிபர் புஷ்ஷைக் கொல்லச் சதி செய்தது ஆகிய குற்றங்களில் தண்டிக்கப்பட்டார். ஊடகங்களுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் பள்ளிக்கு எதிரான சான்றுகளில் இதுவே பலவீனமானது. கால் நூற்றாண்டில் அங்கே ஏராளமானோர் படித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் குற்றத்தை வைத்துப் பாடத்திட்டத்தை எடைபோட முடியாது. அவர் பள்ளியை முடித்த பிறகு மதீனாவுக்குப் போய்ப் படித்தவரும்கூட.

பலமான சான்று 2008-இல் வந்தது. சர்வதேச மதச் சுதந்திரத்துக்கான அமெரிக்க அரசு ஆணையம், 2007 அக்டோபரில், பாடநூல்களைச் சரிபார்க்கும்வரை பள்ளியை மூட வேண்டும் என்று வெளியுறவுத் துறையைக் கேட்டது. வெளிநாட்டுத் தூதரகங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்கீழ் அத்துறைக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்பது ஆணையத்தின் வாதம். அப்போது ஆணையத்தின் கையில் பள்ளியின் நடப்புப் புத்தகங்கள் இல்லை. புத்தகத்தைப் பார்க்காமலேயே மூடச் சொல்கிறார்கள் என்று பள்ளி திருப்பி அடித்ததில் நியாயம் இருந்தது. அடுத்த ஆண்டு 17 புத்தகங்கள் கிடைத்தன. பன்னிரண்டாம் வகுப்பு தஃப்ஸீர் (குர்ஆன் விளக்கவுரை) நூலில், மதம் மாறியவரையும் விபசாரம் செய்தவரையும் கொல்வது ஆகுமானது, அதாவது அனுமதிக்கப்பட்டது, என்று இருந்தது. அதே வகுப்பின் தவ்ஹீத் (இறைவன் ஒருவனே என்ற கொள்கை) நூலில், பெரிய ஷிர்க் (இறைவனுக்கு இணைவைத்தல்) செய்தவரின் உயிரும் உடைமையும் சில சூழ்நிலைகளில் பாதுகாப்பை இழக்கும் என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது.

இந்தக் கடைசி வாசகத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். "முஸ்லிமல்லாதவரைக் கொல்லச் சொல்கிறது" என்றுதான் பலரும் இதைப் படித்தார்கள். ஆனால் சவூதி பாடத்திட்டத்தில் ஷிர்க் என்ற சொல் கைகாட்டுவது வெளியாட்களை மட்டுமல்ல. கப்ரில் (அடக்கத்தலத்தில்) போய் வேண்டுவது, அவுலியாவிடம் (இறைநேசர்களிடம்) உதவி கேட்பது எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். நாகூரிலோ ஏர்வாடியிலோ தர்காவுக்குப் போகிற முஸ்லிமும், கர்பலா போகிற ஷியாவும் அதில் அடக்கம். தமிழ்நாட்டில் தர்கா விவாதங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். இந்த நூல்களால் முதலில் பாதிக்கப்பட்டவர்கள் முஸ்லிம்களே என்பது மேற்கத்திய விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போனது.

வாசகங்கள் முன்பின் இல்லாமல் பிய்த்துக் காட்டப்படுகின்றன, தவறாக மொழிபெயர்க்கப்பட்டன என்றது பள்ளி. பிறகு நூல்களைத் திருத்தியதாகவும் சொன்னது. இதற்கிடையே இன்னொரு கூத்து. பள்ளிக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் உள்ளூர் கவுண்டி நிர்வாகம். ஆண்டு வாடகை 22 லட்சம் டாலர். புகாரை விசாரித்ததும் அதே நிர்வாகம், 2008 மே மாதம் குத்தகையைப் புதுப்பித்ததும் அதே நிர்வாகம். ஆணையத்தின் கண்டுபிடிப்பு வெளியானது அடுத்த மாதம். வாடகை வாங்குபவரிடம் விசாரணையை ஒப்படைத்தால் இப்படித்தான் முடியும். இதில் மதத்துக்கோ சவூதிக்கோ சம்பந்தமே இல்லை.

பாடநூலில் எது ஆபத்து, எது வெறும் நம்பிக்கை என்று பிரிக்கத் தெரியாமல்தான் பாதி வாதங்கள் வீணாகின்றன. 2006-இல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமெரிக்க அமைப்பு வெளியிட்ட சவூதி பாடநூல் ஆய்வில் ஒன்றாம் வகுப்புப் பயிற்சி ஒன்று இருக்கிறது. கோடிட்ட இடத்தை நிரப்புக: "------ தவிர மற்ற எல்லா மதங்களும் பொய்யானவை. இஸ்லாத்துக்கு வெளியே இறப்பவர் ------ புகுவார்." கொடுக்கப்பட்ட சொற்கள்: இஸ்லாம், நரகம். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது கொடுமைதான். ஆனால் "எங்கள் வழியே உண்மை, மற்றவர்க்கு மீட்சியில்லை" என்பதை எத்தனையோ கிறிஸ்தவ ஞாயிறு பள்ளிகளும் சொல்லித் தருகின்றன. இதை மட்டும் வைத்து ஒரு பள்ளியை மூட முயன்றால், மதச் சுதந்திரத்தை மதிக்கும் நாட்டு நீதிமன்றத்தில் நிற்பது கடினம். "அவர்களோடு நட்பு வைக்காதே, அவர்களைப் போல உடுத்தாதே" என்பது அடுத்த படி. சவூதி நூல்களில் அல்-வலா வல்-பரா (நம்மவரோடு நேசம், மற்றவரிடமிருந்து விலகல்) என்ற தலைப்பில் வருவது இதுதான். பிள்ளையை அக்கம்பக்கத்திலிருந்து பிரிக்கிற பாடம்; குற்றமாகாது, ஆனால் அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரி கேள்வி கேட்கலாம். ஒருவரின் உயிரை எடுப்பது ஆகுமானது என்பது மூன்றாவது படி. மூன்றையும் சேர்த்துக் குழப்பி "வெறுப்புப் பாடம்" என்று புகார் எழுதினால், பள்ளி முதல் படியை மட்டும் எடுத்து வைத்து, "எங்கள் மார்க்கத்தையே தடை செய்கிறார்கள்" என்று எளிதாகத் தப்பித்துவிடும்.

ஜெர்மனியில் கதை வேறு மாதிரி. பான் நகரின் பாட் கோடஸ்பெர்க் பகுதியில் 1995-இல் கிங் ஃபஹத் அகாடமி திறக்கப்பட்டது. கூடவே ஒரு மசூதி. 2003-இல் அந்த மசூதியில் நடந்த வெள்ளிக்கிழமை உரையை ஒரு தொலைக்காட்சி படம்பிடித்து ஒளிபரப்ப, மூடு என்ற குரல் எழுந்தது. கொலோன் மாவட்ட நிர்வாகம் மூடவில்லை; அதைவிடக் கூர்மையான ஒரு கருவி அதன் கையில் இருந்தது. ஜெர்மன் சட்டப்படி இந்தப் பள்ளி அரசுப் பள்ளிக்கு மாற்று அல்ல, துணைப்பள்ளி மட்டுமே. அங்கே படிப்பதால் கட்டாயக் கல்விக் கடமை தீராது. தற்காலிகமாக வந்து போகும் குடும்பத்துப் பிள்ளைக்கு விலக்கு உண்டு; ஜெர்மனியிலேயே வாழப்போகிற பிள்ளைக்கு விலக்கு வாங்க வேண்டும். அதிகாரிகள் அந்த விலக்குகளைத் தூசு தட்டி எடுத்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வெளியேற வேண்டியதாயிற்று. மதப்பாட நேரத்தைக் குறைக்கப் பள்ளி ஒப்புக்கொண்டது. மாணவர் எண்ணிக்கை சரிந்தது. புத்தகத்தில் இருந்த ஒரு வரியைப் பற்றிக்கூட வழக்காடாமல், வருகைப் பதிவேட்டை வைத்தே பள்ளியின் வீச்சைச் சுருக்கிவிட்டார்கள். 2016-இல் சவூதி தானாகவே மூடுவதாக அறிவித்தது, 2017-இல் மூடப்பட்டது.

லண்டனில் ஈஸ்ட் ஆக்டனில் இருந்த கிங் ஃபஹத் அகாடமி 1985-இல் தொடங்கியது. 2007-இல் முன்னாள் ஆசிரியர் ஒருவர் தன் வேலைநீக்கத்தை எதிர்த்துத் தீர்ப்பாயம் போனபோது, பாடநூல்கள் யூதர்களைக் குரங்குகள் என்றும் கிறிஸ்தவர்களைப் பன்றிகள் என்றும் சொல்கின்றன என்றார். புத்தகத்தில் அப்படி இருப்பதைப் பள்ளி இயக்குநர் தொலைக்காட்சி நேர்காணலில் மறுக்கவில்லை. அந்தப் பகுதியை நடத்துவதில்லை என்றார். இந்தப் பதிலை எந்த ஆய்வாளரும் அடிக்கடி கேட்க நேரிடும். உண்மையாகவே இருக்கலாம். சரிபார்க்கும் வழியையும் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

இங்கிலாந்தில் பெரிய ஓட்டை முழுநேரப் பள்ளியில் இல்லை. ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ முழுநேரமாகப் படித்தால் அது தனியார் பள்ளி. பதிவு வேண்டும், ஆய்வு வரும். சனி ஞாயிறு மட்டும் நடக்கும் வகுப்புக்கு அந்த விதி இல்லை. 2010 நவம்பரில் பிபிசி காட்டிய நிகழ்ச்சியில் சுமார் 40 வார இறுதிப் பள்ளிகள், சுமார் 5,000 பிள்ளைகள், சவூதி பாடத்திட்டம். திருடனின் கையை எந்த இடத்தில் வெட்டுவது என்று காட்டும் படமும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. சவூதித் தூதரகம் தனக்குத் தொடர்பில்லை என்றது. பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டுக்கு அந்த வகுப்புகளை ஆய்வு செய்யும் அதிகாரமே கிடையாது. பெரிய வளாகம், கொடி, பெயர்ப்பலகை இருக்கிற பள்ளியைப் பார்த்து மக்கள் பயப்படுகிறார்கள். ஆனால் அங்கே அதிகாரி போகிறார், கோப்பு இருக்கிறது. வாடகைக்கு எடுத்த கூடத்தில் சனிக்கிழமை காலை நடப்பதற்கு எந்தக் கோப்பும் கிடையாது.

இப்போது எண்ணிக்கைப் பிழைக்கு வருவோம். பாகிஸ்தானில் பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் மதரஸாவில் படிக்கிறார் என்று 2002-க்குப் பிறகு பல ஆண்டுகள் உலகம் முழுக்கச் சொன்னார்கள். மோதல்களை ஆராயும் இன்டர்நேஷனல் க்ரைசிஸ் குரூப் என்ற அமைப்பின் அறிக்கையிலிருந்து வந்த எண் அது. மொத்தப் பிள்ளைகள் சுமார் 2 கோடி என்று எடுத்திருக்க வேண்டிய இடத்தில் சுமார் 20 லட்சம் என்று எடுத்துவிட்டார்கள். ஒரு பூஜ்யம் காணாமல் போனது. 2005-இல் உலக வங்கி, ஹார்வர்டு ஆய்வாளர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் குடும்பக் கணக்கெடுப்புகளையும் வைத்துப் பார்த்தபோது, முழுநேர மதரஸாப் பிள்ளைகள் 1 சதவீதத்துக்கும் கீழே. அதற்குள் அந்த மூன்றில் ஒன்று எத்தனையோ தலையங்கங்களில் ஏறிவிட்டது. இன்றும் யாராவது "லட்சக்கணக்கான" என்று தொடங்கினால், எத்தனை கோடியில் என்று கேளுங்கள்.

இலங்கையில் 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சந்தேகம் போய் விழுந்தது புணானையில் சவூதி நிதியில் எழுந்த மட்டக்களப்பு கேம்பஸ் கட்டடங்கள் மீது. அங்கே அப்போது வகுப்பே தொடங்கியிருக்கவில்லை. கொரோனா காலத்தில் அரசு அதைத் தனிமைப்படுத்தல் நிலையமாக்கியது. 2023-இல் உரிமையாளர்களிடம் திருப்பிக் கொடுத்தது. தாக்குதலை நடத்திய ஸஹ்ரான் ஹாஷிம் படித்ததோ காத்தான்குடியில் உள்ளூர் மக்கள் நடத்திய ஓர் அரபுக் கல்லூரியில். ஆசிரியர்களோடு சண்டை போட்டு, அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். அவர் ஆள் சேர்த்தது ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும். வளாகத்தின் பணக்கணக்கை விசாரித்தது தப்பில்லை; சட்டப்படி அனுமதி வாங்கினார்களா என்பது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஏப்ரல் 21-க்கான விடை அந்தக் கணக்கில் இல்லை.

இந்தியாவில் கண்காணிப்பு முழுக்கப் பணத்தின் மேல் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, எல்லாத் தொகையும் முதலில் டெல்லி நாடாளுமன்றச் சாலையில் இருக்கும் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில்தான் வந்து விழ வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய தொகையை இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் எஃப்.சி-4 படிவம் கொடுக்க வேண்டும். அதில் யார் கொடுத்தார், எவ்வளவு, எதற்கு என்று இருக்கும். வகுப்பில் என்ன சொன்னார்கள் என்பது இருக்காது. வகுப்பறையைப் பார்க்கும் கல்வி உரிமைச் சட்டத்திலோ, 2012 திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் விலக்கிவிட்டது. ஆக, பணத்தைப் பார்ப்பவர் பாடத்தைப் பார்ப்பதில்லை. பாடத்தைப் பார்க்க வேண்டியவருக்கு உள்ளே போக வழியில்லை. தமிழ்நாட்டில் ஏராளமான ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் பணம் அனுப்பிவந்த அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பான கம்பாஷன் இன்டர்நேஷனல் 2017-இல் இந்தியாவை விட்டுப் போனது. மதமாற்றம் செய்கிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு, அமைப்பு அதை மறுத்தது. பணம் வரும் வழியை அடைத்ததோடு விஷயம் முடிந்தது. வகுப்பில் என்ன நடந்தது என்று பொதுவெளியில் யாரும் நிறுவிக் காட்டவில்லை, இரு தரப்பிலும்.

சரி, ஒரு பள்ளியை நேர்மையாகச் சரிபார்க்க வேண்டும் என்றால் என்ன செய்வது? பெற்றோரோ, நிருபரோ, அதிகாரியோ, வழி ஒன்றுதான்.

முதலில் கால அட்டவணை. வாரத்தில் மொத்தம் எத்தனை பீரியட், மதத்துக்கு எத்தனை, உள்ளூர் மொழிக்கு எத்தனை. இதை மறைப்பது கடினம். அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கும். உள்ளூர் மொழிக்கு ஓரிரு பீரியட்தான் என்றால், பிள்ளை அந்த நாட்டில் வாழத் தயாராகவில்லை என்று பொருள், புத்தகத்தில் எதுவும் தப்பாக இல்லாவிட்டாலும்.

அடுத்து புத்தகம். ஒரு வகுப்பின் நூலை மட்டும் வாங்காதீர்கள். எல்லா வகுப்பும், எல்லா மதப்பாடமும் வேண்டும். கடுமையான சட்டப் பகுதிகள் பெரும்பாலும் மேல்வகுப்பில்தான் வரும். நான்காம் வகுப்பைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதியவர்கள் உண்டு. பக்க எண்கள் தொடர்கின்றனவா, கிழித்த அடிக்கட்டை தெரிகிறதா, வெள்ளை மை பூசியோ துண்டுத்தாள் ஒட்டியோ இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். மொழிபெயர்க்க இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவர் மார்க்கக் கல்வி கற்றவராக இருக்கட்டும். குர்ஆன் வசனம் அல்லது ஹதீஸ் (நபிமொழி) ஒரு பாடத்தில் இருப்பது சான்று ஆகாது. அதற்குக் கீழே நூலாசிரியர் எழுதிய விளக்கம், "இப்பாடத்திலிருந்து நாம் அறிவது" என்ற பகுதி, கடைசியில் உள்ள பயிற்சி ஆகியவற்றை மொழிபெயருங்கள். பழைய வாசகத்தை வைத்து இன்று என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.

"அந்தப் பகுதியை நடத்துவதில்லை" என்ற பதிலுக்கு வருவோம். பாடநூலை விடுங்கள், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தையும் கடந்த மூன்று ஆண்டுக் கேள்வித்தாள்களையும் கேளுங்கள். நடத்தாத பாடத்திலிருந்து கேள்வி வராது, நடத்தாததை எந்தப் பிள்ளையும் நோட்டில் எழுதியிருக்காது. ஒரே வகுப்பில் ஐந்தாறு நோட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஆசிரியர் எதைத் தாண்டிப் போனார், எங்கே சொந்தச் சரக்கைச் சேர்த்தார் என்பது தேதியோடு தெரியும். தூய்மையான புத்தகத்தை வைத்துக்கொண்டு விஷம் சொல்லித் தருகிறவரும் உண்டு, மோசமான புத்தகத்தைப் பாதியாக வெட்டி நடத்துகிற நல்ல வாத்தியாரும் உண்டு. இருவரையும் பிரித்துக் காட்டுவது நோட்டுதான். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் நோட்டு கிடைக்காது, "பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்" என்பார்கள்.

ஆசிரியருக்கு யார் சம்பளம் போடுகிறார், எந்த விசாவில் வந்திருக்கிறார், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்பதையும் பாருங்கள். வெளிநாட்டு அமைச்சு நேரடியாக நியமித்து அனுப்பியவரை உள்ளூர்த் தலைமையாசிரியர் கண்டிக்கவும் முடியாது, அனுப்பிவிடவும் முடியாது. சான்றிதழும் அப்படித்தான். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஏற்காத சான்றிதழ் என்றால், பிள்ளைக்கு அந்த நாட்டில் மேற்படிப்புக்கு வழி குறுகும், உதவித்தொகை தரும் நாட்டுக்கே போக வேண்டியிருக்கும். பெற்றோர் இதைச் சேர்க்கும்போதே கேட்க வேண்டும். பலரும் கட்டணம் இல்லை என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். சவூதி பெரும்பாலும் தானே பின்வாங்கிவிட்டது. வர்ஜீனியா பள்ளி 2016-இல் மூடப்பட்டு வேறு பெயரில் வேறு இடத்தில் தொடங்கியது. 1969-இல் 99 ஆண்டுக்கு சவூதிக்குக் கொடுத்த பிரஸ்ஸல்ஸ் பெரிய மசூதியின் உரிமத்தை பெல்ஜியம் 2018-இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. லண்டன் பள்ளி 2023-இல் மூடியது. பாடநூல்களிலிருந்தும் கடந்த சில ஆண்டுகளில் மேலே சொன்ன வகை வாசகங்கள் பலவும் நீக்கப்பட்டன. ஆனால் பழைய பதிப்புகள் பி.டி.எஃப் வடிவில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐஎஸ் அமைப்பு தன் சொந்த நூல்களை அச்சடிக்கும்வரை தன் பிடியிலிருந்த பள்ளிகளில் பயன்படுத்தியது சவூதி பாடநூல்களைத்தான். எனவே யாராவது உங்களிடம் "சவூதி பாடநூலில் இப்படி இருக்கிறது" என்று ஒரு பக்கத்தின் படத்தை அனுப்பினால், பதிப்பு ஆண்டு இருக்கும் பக்கத்தையும் கேளுங்கள். அது ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) ஆண்டில், அரபு எழுத்து எண்களில் இருக்கும். தோராயமாக மாற்ற, ஹிஜ்ரி எண்ணை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் போதும்: 1428 என்றால் 2007, 1442 என்றால் 2020-21. முதலாவது வர்ஜீனியா சர்ச்சைக் காலத்து நூல், இரண்டாவது திருத்தங்கள் வரத் தொடங்கிய காலத்து நூல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறவரிடம் மேற்கொண்டு வாதம் செய்ய வேண்டியதில்லை.